காற்றுக்குக் கணக்கு கேட்கும் நகரம்... லாஸ் ஏஞ்சல்ஸின் புல்வெளியும் சமையலறையும் சொன்ன ரகசியம்!

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் வடமேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது போர்ட்டர் ராஞ்ச் என்ற குடியிருப்புப் பகுதி. 2015 அக்டோபர் கடைசியில் அங்கிருந்தவர்களுக்கு முதலில் தெரிய வந்தது நாற்றம்தான். அழுகிய முட்டையைப் போன்ற ஒரு வாடை. நம் வீட்டில் சிலிண்டர் கசிந்தால் குப்பென்று வருமே, கிட்டத்தட்ட அதே வாடை. எரிவாயுவுக்கு இயல்பில் எந்த வாசனையும் கிடையாது. கசிந்தால் மூக்குக்காவது தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். இங்கே நம் சிலிண்டரிலும் அதே ஏற்பாடுதான்.

நாள்கள் போகப் போக குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. பெரியவர்களுக்குத் தலைவலி, குமட்டல். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் அலிசோ கேன்யன் மலையில், சோகால்கேஸ் நிறுவனத்தின் நிலத்தடி எரிவாயுக் கிடங்கு இருக்கிறது. எண்ணெய் எடுத்துத் தீர்ந்துபோன பழைய வயலில், பூமிக்கு அடியில் எரிவாயுவை அழுத்தி நிரப்பி வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கிடங்கு அது. 1950-களில் தோண்டிய ஒரு கிணற்றின் குழாய் உடைந்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு வாயு வெளியேறியது. அடைக்க அடைக்க நிற்கவில்லை. 8,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறு இடத்துக்குப் போனார்கள். இரண்டு பள்ளிகளையே இடம் மாற்ற வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில் கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவசரநிலையை அறிவித்தார்.

எல்லோருக்கும் நாற்றம் தெரிந்தது. ஆனால், 'எவ்வளவு கசிகிறது?' என்ற கேள்விக்கு மூக்கால் பதில் சொல்ல முடியாதே!

பதில் சொன்னவர் ஸ்டீபன் கான்லி. விஞ்ஞானி, விமானியும்கூட. ஒற்றை இன்ஜின் கொண்ட சிறிய விமானத்தில் வாயுக்களை அளக்கும் கருவிகளைப் பொருத்திக்கொண்டு, எரிவாயுக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து வந்தவர். 2015 நவம்பர் 7-ம் தேதி அலிசோ கேன்யனுக்கு மேலே பறந்தபோது, மீத்தேன் அளவு எகிறியதைப் பார்த்து, முதலில் அவர் சந்தேகப்பட்டது தன் கருவியைத்தான். சாதாரணக் காற்றில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட முழுதாக இருக்காத வாயு, அங்கே அதைப்போல் பல மடங்கு காட்டியது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை.

2016 பிப்ரவரியில் கிணறு அடைக்கப்படும்வரை 13 முறை அந்த மலையைச் சுற்றிப் பறந்தார்கள். கசிவு உச்சத்தில் இருந்தபோது, மணிக்கு சுமார் 60 டன் மீத்தேன் வெளியேறியிருந்தது. மொத்தம் 97,100 டன். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் ஓராண்டு முழுக்க ஓடினால் பூமியை எவ்வளவு சூடாக்குமோ அதற்குச் சமம் இது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரம் முழுவதும் வழக்கமாக வெளிவிடும் மீத்தேன் அளவை, இந்த ஒற்றைக் கிணறு இரட்டிப்பாக்கிவிட்டது என்று 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு சொன்னது.

இரட்டிப்பு என்று சொல்ல வேண்டுமானால், வழக்கமான அளவு என்னவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அது தெரிந்திருந்தது. காரணம், அந்த நகரத்தின் காற்றைப் பல ஆண்டுகளாகச் சிலர் விடாமல் அளந்துகொண்டிருந்தார்கள்.

நகரத்தை விட்டு ஓடிய கீலிங்

இந்தக் கதை தொடங்கியதும் அதே வட்டாரத்தில்தான். 1950-களின் நடுவில், லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய பசடேனாவில் இருக்கும் கால்டெக் கல்வி நிறுவனத்தில், சார்லஸ் டேவிட் கீலிங் என்ற இளம் ஆய்வாளர் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை அளக்க ஒரு கருவியைத் தானே உருவாக்கினார். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கண்ணாடிக் குடுவைகளின் வாயைத் திறந்து, சுற்றியுள்ள காற்றைப் பிடித்து வந்து அளப்பார். கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் பிடித்த காற்று அவரைக் குழப்பியது. ஒரு வேளைக்கு ஓர் அளவு, மறுவேளைக்கு வேறோர் அளவு. வாகனப் புகை, தொழிற்சாலை, காற்றின் திசை என்று எல்லாமே கணக்கைக் கலைத்தன.

'இந்த ஊரில் நிலையான எண் கிடைக்காது' என்று புரிந்ததும், குடுவைகளைத் தூக்கிக்கொண்டு பிக் சர் கடற்கரைக் காட்டுக்குப் போனார். இரவில் பலமுறை தூக்கப் பையிலிருந்து எழுந்து காற்று பிடித்தார். அங்கே நண்பகலுக்குப் பிந்தைய காற்று நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டியது. அதே தேடல்தான் அவரை ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலைக்குக் கொண்டுபோனது. 1958 மார்ச்சில் அங்கே கருவி காட்டிய அளவு, 313 பிபிஎம்.

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அர்த்தம். ஒரு சிப்பம் அரிசியில் பத்து லட்சம் மணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 313 மணிகளுக்கு மட்டும் கறுப்பு மை தடவிக் கலந்தால் எப்படியிருக்கும்? கண்ணுக்கே தெரியாது. ஆனால், பூமி எவ்வளவு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை அந்தச் சில நூறு மணிகள்தான் தீர்மானிக்கின்றன. மௌனா லோவாவில் அந்த எண், 2024-ம் ஆண்டின் சராசரியாக 424-ஐத் தாண்டியது.

கீலிங் நகரத்தை விட்டு ஓடியதற்கு அன்று நியாயம் இருந்தது. உலகத்துக்கே பொதுவான ஓர் எண் அவருக்குத் தேவைப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு கேள்வி மாறியது. புகை எங்கிருந்து வருகிறது? எரிபொருளால் வரும் கார்பன் டை ஆக்ஸைடில் சுமார் 70 சதவிகிதத்துக்கு நகரங்களே காரணம் என்ற நிலையில், அவர் எதைக் கண்டு ஓடினாரோ, அந்தக் குழப்பமான நகரக் காற்றுக்குள்தான் விஞ்ஞானிகள் திரும்பி வர வேண்டியிருந்தது.

நோட்டுக் கணக்கும் பர்ஸ் கணக்கும்

ஒரு நகரம் எவ்வளவு புகை விடுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, வீட்டு வரவு செலவு நோட்டு மாதிரி. இவ்வளவு பெட்ரோல் விற்றது, இவ்வளவு மின்சாரம் செலவானது, இத்தனை டன் குப்பை சேர்ந்தது என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு புகை என்று பெருக்கிக் கூட்டுவது. பெரும்பாலான நகரங்கள் 'நாங்கள் இத்தனை சதவிகிதம் குறைத்துவிட்டோம்' என்று மேடையில் சொல்வது இந்த நோட்டைப் பார்த்துத்தான்.

இரண்டாவது வழி, மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்ப்பது. நோட்டில் என்ன எழுதியிருந்தாலும், பர்ஸில் இருப்பதுதானே இருப்பு? காற்றை அளப்பது அந்த வகை.

இரண்டும் ஒத்துப்போகிறதா என்றால், பல நேரம் இல்லை. விஞ்ஞானி கெவின் கர்னியின் குழு, ஒவ்வொரு நகரத்தின் எரிபொருள் பயன்பாட்டையும் மிக நுணுக்கமாகத் தொகுத்து, அமெரிக்காவின் 48 நகரங்கள் தாங்களே வெளியிட்ட கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 2021-ல் வந்த முடிவு: நகரங்கள் தங்கள் புகையைச் சராசரியாக 18.3 சதவிகிதம் குறைத்துக் காட்டியிருக்கின்றன. எல்லோரும் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது, சில எரிபொருள்கள் கணக்கிலேயே வருவதில்லை. நோட்டு எழுதுபவர் மறந்துவிட்ட கைமாற்று மாதிரிதான்.

கர்னியின் குழுவே லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கட்டடம் கட்டடமாக, தெருத் தெருவாக ஒரு புகைக் கணக்கைத் தயாரித்திருக்கிறது. அதற்கு 'ஹெஸ்டியா' என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் அடுப்புக்கான தேவதை!

ஒரு கிண்ணத்துக்குள் ஒன்றரைக் கோடிப் பேர்

நகரக் காற்றை அளக்க லாஸ் ஏஞ்சல்ஸ் ஏன் தோதான இடம் என்பதற்கு அதன் நில அமைப்பே காரணம். ஒரு பக்கம் பசிபிக் கடல், மற்ற பக்கங்களில் மலைகள். நடுவில் கிண்ணம் போன்ற சமவெளியில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான மக்கள். கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று கீழே தங்க, அதற்கு மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். கீழே கிளம்பும் புகை மேலே போக முடியாமல் உள்ளேயே சுழலும். போகிப் பண்டிகை காலையில் சென்னையில் பழைய பாயும் டயரும் எரித்த புகை, பனியோடு சேர்ந்து தரையிலேயே தங்கி, விமானங்கள் இறங்க முடியாமல் திணறுவதைப் பார்த்திருப்போம். அதே வித்தைதான். லாஸ் ஏஞ்சல்ஸில் 1943 ஜூலையில் இப்படிப் புகை சூழ்ந்தபோது, ஜப்பான்தான் விஷவாயு வீசிவிட்டது என்று மக்கள் பயந்ததாகச் சொல்வார்கள். உலகப்போர் நேரம் அது.

அந்தப் புகை கண்ணை எரிக்கும். கார்பன் டை ஆக்ஸைடு எரிக்காது, நாறாது, தெரியாது. அதனால் அதைப் பார்க்கக் கருவிகள்தான் வேண்டும்.

'மெகாசிட்டி கார்பன் திட்டம்' என்ற பெயரில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் உள்ளிட்ட பல அமைப்புகள் சேர்ந்து நகரத்திலும் அதைச் சுற்றியும், கோபுரங்களிலும் கட்டட மாடிகளிலும் அளவீட்டு நிலையங்களை அமைத்தன. ஒரு குழாய் காற்றை உறிஞ்சி உள்ளே இருக்கும் கருவிக்கு அனுப்பும். கருவிக்குள் இருப்பது ஒரு சின்ன அறை. அதில் எதிரெதிரே கண்ணாடிகள். லேசர் ஒளியை உள்ளே விட்டால், அது கண்ணாடிகளுக்கு இடையே மோதி மோதி, 20 கிலோமீட்டர் தூரம் போனதற்குச் சமமாகப் பயணிக்கும். கார்பன் டை ஆக்ஸைடும் மீத்தேனும் அந்த ஒளியை வழியில் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். ஒளி எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்பதை வைத்து, எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

தராசு சரியாக இருக்கிறதா என்று எடைக்கல்லை வைத்துச் சோதிப்பதுபோல, அளவு துல்லியமாகத் தெரிந்த காற்றை உருளைகளில் அடைத்து வைத்து, அவ்வப்போது கருவிக்குள் விட்டுச் சரிபார்க்கிறார்கள். இதில் பிழை 0.1 பிபிஎம்மைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சிப்பம் அரிசியில் ஒரு மணியின் பத்தில் ஒரு பங்கு!

அளந்தால் மட்டும் போதாது. கடலிலிருந்து ஊருக்குள் வரும் காற்றிலேயே 400 பிபிஎம் இருக்கிறதே, அது இந்த நகரத்தின் குற்றமில்லை. உள்ளே வரும்போது எவ்வளவு, ஊருக்குள் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால்தான் நகரத்தின் பங்கு தெரியும். அதற்காகவே சான் கிளமெண்ட்டி என்ற தீவில் ஒரு நிலையம், தெற்கே லா ஹோயா கடற்கரையில் ஒன்று, மலைக்கு அந்தப்பக்கம் பாலைவனத்தில் விக்டர்வில் என்ற ஊரில் ஒன்று. 2015-ம் ஆண்டு அளவீட்டின்படி, நகர மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக நிலையத்தில், கடல் காற்றைவிட சுமார் 20 பிபிஎம் கார்பன் டை ஆக்ஸைடு கூடுதலாக இருந்தது.

மூச்சு விடுவதற்கு 20 பிபிஎம் ஒரு பொருட்டே இல்லை. மூடிய வகுப்பறையில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால், மௌனா லோவாவின் எண் 20 பிபிஎம் உயர எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும் என்பதோடு வைத்துப் பார்த்தால், ஒரு நகரம் தன் தலைக்கு மேல் எவ்வளவு சுமையைத் தூக்கி நிற்கிறது என்பது புரியும்.

மலை மேல் ஒரு கண்

நகரத்துக்கு வடக்கே மவுன்ட் வில்சன். சுமார் 1,700 மீட்டர் உயரம். 1920-களில் எட்வின் ஹப்பிள், நம் பால்வீதிக்கு வெளியேயும் நட்சத்திர மண்டலங்கள் உண்டு என்று கண்டுபிடித்தது இங்கிருந்த தொலைநோக்கியில்தான். இப்போது அதே மலையில் இருக்கும் நாசா ஆய்வகத்தின் ஒரு கருவி, வானத்தைப் பார்க்காமல் கீழே ஊரைப் பார்க்கிறது. சமவெளியில் குறித்து வைத்த இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட இடங்களைப் பகல் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக நோக்கும். அங்கே தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், எந்தெந்த நிறங்களை வாயுக்கள் விழுங்கியிருக்கின்றன என்று படிக்கும். கோபுரத்துக் கருவி தன் மூக்குக்கு வந்த காற்றை மட்டும்தான் சொல்லும். மலைக் கருவி ஊர் முழுக்கச் சொல்லும்.

அந்த மலைக்கும் காட்டுத்தீ வந்தது. 2020 செப்டம்பரில் 'பாப்கேட்' தீ, மலை உச்சியின் ஆய்வகங்களுக்குச் சில நூறு அடி தூரம் வரை நெருங்கியது. 2025 ஜனவரியில் ஈட்டன் தீ மறுபடி அச்சுறுத்தியது. இரண்டு முறையும் தீயணைப்பு வீரர்கள் காப்பாற்றினார்கள்.

புல்வெளி செய்த வேலை

20 பிபிஎம் கூடுதல் என்று தெரிந்துவிட்டது. அது யாருடையது? கார் விட்டதா, மரம் விட்டதா, மனிதன் மூச்சில் விட்டதா? கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறில் முகவரி எழுதியிருக்காது. ஆனால் வயது எழுதியிருக்கும்!

கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தை எப்படிக் கண்டுபிடித்தார்களோ, அதே கார்பன்-14 முறைதான் இங்கேயும். உயிருள்ள எல்லாவற்றிலும் கொஞ்சம் கார்பன்-14 இருக்கும். இறந்த பிறகு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். பெட்ரோலும் இயற்கை எரிவாயுவும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்தவை. அவற்றில் கார்பன்-14 சுத்தமாக இல்லை. நேற்று சாப்பிட்ட சோறும், தோட்டத்துப் புல்லும் புதியவை, அவற்றில் இருக்கும். ஆக, நகரக் காற்றைக் குடுவையில் பிடித்து கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால், எவ்வளவு பங்கு எரிபொருளிலிருந்து வந்தது, எவ்வளவு உயிர்களிடமிருந்து வந்தது என்று பிரித்துவிடலாம்.

அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் ஜான் மில்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2015-ல் பிடித்த காற்றை இப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். எரிபொருளின் பங்கு ஆண்டுச் சராசரியாக 13 பிபிஎம். இது எதிர்பார்த்ததுதான். ட்விஸ்ட் அடுத்தது. நகரத்துச் செடிகொடிகள் குளிர்காலத்தில் கார்பன் டை ஆக்ஸைடை வெளியே விட்டன, கோடையில் உள்ளே இழுத்தன. இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு 4.3 பிபிஎம். எரிபொருள் பங்கில் இது மூன்றில் ஒன்று!

இதில் என்ன விசித்திரம் என்று கேட்கலாம். தெற்கு கலிஃபோர்னியாவில் மழை பெய்வது குளிர்காலத்தில். காட்டுச் செடிகள் வசந்த காலத்தில்தான் அதிகமாகக் கார்பனை உறிஞ்சும். கோடையில் காய்ந்து கிடக்கும். ஆனால் ஊருக்குள் இருக்கும் தாவரங்கள் கோடையில் செழித்து உறிஞ்சியிருக்கின்றன. ஊர் மக்கள் எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறார்கள் என்ற கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது, இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. வீட்டு வாசல் புல்வெளிக்கும் மரங்களுக்கும் குழாய்த் தண்ணீர் பாய்ச்சுகிறார்களே, அதுதான் காற்றில் தெரிந்தது.

அந்த 2015-ம் ஆண்டுதான் கலிஃபோர்னியா கடும் வறட்சியில் தவித்தது. நகரங்கள் தண்ணீர்ச் செலவை 25 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்று ஆளுநர் உத்தரவு போட்டிருந்தார். புல்வெளியை எடுத்துவிட்டால் பணம் தருகிறோம் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் வீடுவீடாக ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படியும் புல்லின் மூச்சு கருவியில் பதிவாகிவிட்டது. புல்வெளிதான் பூமியைக் காப்பாற்றுகிறது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கோடையில் இழுத்ததைக் குளிர்காலத்தில் திருப்பி விட்டுவிடுகிறது. விஞ்ஞானிகளின் கவலை வேறு. கோடையில் மட்டும் அளந்துவிட்டு 'பாருங்கள், வாகனப் புகை குறைந்துவிட்டது' என்று ஒரு நகரம் சொன்னால், அது புல் செய்த உபயமாகவும் இருக்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற வறண்ட ஊரிலேயே இப்படி என்றால், மழை நிறையப் பெய்யும் ஊர்களில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும்.

சமையலறையைக் காட்டிக்கொடுத்த மீத்தேன்

மீத்தேன் விஷயத்தில் நோட்டுக்கும் பர்ஸுக்கும் இடையே இன்னும் பெரிய இடைவெளி. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்ஸைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு இது. லாஸ் ஏஞ்சல்ஸ் காற்றை அளந்த ஆய்வுகள், அரசு ஏடுகளில் இருப்பதைவிட அதிக மீத்தேன் இருப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டின. எங்கிருந்து?

சந்தேக வளையத்தில் பலர். நகரத்தின் குப்பைக் கிடங்குகள். சீனோ பகுதி மாட்டுப் பண்ணைகள். பழைய எண்ணெய்க் கிணறுகள். நகரத்தின் நடுவிலேயே லா பிரியா தார்க் குட்டைகளில் இயற்கையாகவே மீத்தேன் குமிழிகள் வெளிவருகின்றன. 1985 மார்ச்சில், அந்த வட்டாரத்தில் ஒரு துணிக்கடைக்கு அடியில் சேர்ந்த மீத்தேன் வெடித்து 23 பேர் காயமடைந்தார்கள்.

துப்புக் கொடுத்தது ஈத்தேன் என்ற இன்னொரு வாயு. குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் மீத்தேனோடு கொஞ்சம் ஈத்தேனும் இருக்கும். மாட்டிடமும் குப்பையிடமும் ஈத்தேன் கிடையாது. நகரக் காற்றில் ஈத்தேனும் கூடுதலாக இருந்தது. பிறகு மவுன்ட் வில்சன் கருவியின் பல ஆண்டுப் பதிவுகளைப் பிரித்தபோது, மீத்தேன் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏறுவதும் கோடையில் இறங்குவதும் தெரிந்தது. மாடும் குப்பையும் அப்படிப் பருவம் பார்ப்பதில்லையே? குளிர்காலத்தில் வீடுகளில் ஹீட்டர் ஓடும், வெந்நீர் கொதிக்கும். வீடுகளும் கடைகளும் பயன்படுத்தும் எரிவாயுவின் ஏற்ற இறக்கத்தோடு இது ஒத்துப்போனது. அவை பயன்படுத்தும் எரிவாயுவில் சுமார் 1.4 சதவிகிதம் எரியாமலே காற்றில் கலக்கிறது என்று 2019-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

அலிசோ கேன்யன் போல ஒரே இடத்தில் பீறிட்டுக் கிளம்பியது அல்ல இது. லட்சக்கணக்கான வீடுகளில், குழாய் இணைப்பில், அடுப்பில், வெந்நீர் இயந்திரத்தில் துளித்துளியாகப் போவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, கலிஃபோர்னியாவில் 53 வீடுகளின் அடுப்புகளைப் பிளாஸ்டிக் திரை கட்டி அளந்து, 2022-ல் சொன்ன விஷயம் இன்னும் ஆச்சர்யம். அடுப்பிலிருந்து வெளியேறும் மீத்தேனில் முக்கால் பங்குக்கு மேல், அடுப்பு அணைந்திருக்கும்போதுதான் கசிகிறது!

நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது மீத்தேன் அல்ல. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. ஆனால் இப்போது தமிழ்நாட்டு நகரங்களில் சில பகுதிகளுக்குக் குழாய் வழியே வரத் தொடங்கியிருக்கும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்தான்.

அலிசோ கேன்யனில் அளந்த எண்ணுக்குச் சட்டத்தின் முன்பும் வேலை இருந்தது. கசிந்தது எத்தனை டன் என்று தெரிந்திருந்ததால், அத்தனையையும் வேறு இடத்தில் குறைத்துத் தா என்று மாநில அரசால் கேட்க முடிந்தது. 2018 ஆகஸ்ட்டில் 11.95 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதன் ஒரு பகுதி, மாட்டுப் பண்ணைகளின் சாணத்திலிருந்து வெளியேறும் மீத்தேனைப் பிடிக்கும் திட்டங்களுக்குப் போனது. உடல்நலம் கெட்டதாக வழக்குத் தொடர்ந்த 35,000-க்கும் மேற்பட்ட மக்களுக்கு, 180 கோடி டாலர் வரை தர நிறுவனமும் அதன் தாய் நிறுவனமும் 2021-ல் ஒப்புக்கொண்டன.

ஊரடங்கு நடத்திய பரிசோதனை

2020 ஏப்ரல். கொரோனா ஊரடங்கில் லாஸ் ஏஞ்சல்ஸின் பிரமாண்ட நெடுஞ்சாலைகள் வெறிச்சோடின. கோபுரக் கருவிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. முந்தைய இரண்டு ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது, அந்த மாதம் கார்பன் டை ஆக்ஸைடு வெளியீடு 34 சதவிகிதம் குறைந்திருந்தது. 'கார் ஓடவில்லை, குறைந்தது' என்று முடித்துவிடலாம் என்றால், கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாகனங்கள் குறைந்ததால் மட்டும் ஏற்பட்டது, அந்தச் சரிவில் ஒரு பகுதிதான். நோட்டுக் கணக்கு மட்டும் இருந்திருந்தால் பெட்ரோல் பங்க் விற்பனையைப் பார்த்துத் திருப்தி அடைந்திருப்பார்கள்.

விண்வெளியிலிருந்து ஒரு பார்வை

கோபுரங்கள் எல்லா ஊரிலும் கட்ட முடியாது. 2019 மே மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன நாசாவின் ஓசிஓ-3 கருவி, சுமார் 80 கிலோமீட்டர் நீள அகலமுள்ள ஒரு பகுதியை இரண்டு நிமிடத்தில் வருடிவிடும். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மேலே அது கண்ட கூடுதல் அளவு 0 முதல் 6 பிபிஎம் வரை. தரையில் 20, மேலிருந்து 6 ஏன்? தரையிலிருந்து வானத்தின் உச்சி வரை உள்ள மொத்தக் காற்றையும் சேர்த்து அது சராசரி எடுக்கிறது. நகரத்தின் புகை அடியில் மட்டும்தானே கிடக்கிறது!

மீத்தேனுக்குத் தனிக் கண்கள் உண்டு. ரைலி டியூரன் தலைமையிலான குழு, நாசாவின் கருவியை விமானத்தில் வைத்து கலிஃபோர்னியா முழுக்கத் தேடியது. கண்டுபிடித்த கசிவு இடங்களில் வெறும் 10 சதவிகிதம், அத்தகைய இடங்களின் மொத்த வெளியீட்டில் சுமார் 60 சதவிகிதத்துக்குக் காரணமாக இருந்தன. முதலிடம் குப்பைக் கிடங்குகளுக்கு. லாஸ் ஏஞ்சல்ஸின் சன்ஷைன் கேன்யன் கிடங்கு அதில் ஒன்று. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று பல ஆண்டுகளாகப் புகார் கொடுத்துவந்த இடம் அது. எங்கிருந்து கிளம்புகிறது என்று படமாகக் காட்டிய பிறகு, குப்பையை மண் போட்டு மூடும் விதத்தையும் வாயு உறிஞ்சும் குழாய்களையும் மாற்றினார்கள். மீத்தேன் குறைந்தது. நாற்றப் புகார்களும் குறைந்தன. டியூரன் இப்போது தலைமை வகிக்கும் 'கார்பன் மேப்பர்' அமைப்புக்காக, 2024 ஆகஸ்ட்டில் 'டானகர்-1' என்ற செயற்கைக்கோள் இதே வேலைக்குப் போயிருக்கிறது.

இன்னொரு பக்கம், 2025-ல் வெளியான அமெரிக்க அரசின் அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் முன்மொழிவில், ஓசிஓ-3 கருவிக்கும், அதற்கு முன்பே 2014 முதல் பறந்துகொண்டிருக்கும் ஓசிஓ-2 செயற்கைக்கோளுக்கும் நிதி ஒதுக்கப்படவில்லை. இரண்டும் நல்ல நிலையில் இயங்குபவை. கீலிங் தன் அளவீட்டைத் தொடங்கிவைத்த மௌனா லோவா ஆய்வகத்தை மூடும் யோசனையும் அதே ஆண்டு முன்மொழிவில் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் மௌனா லோவாவின் மாதச் சராசரி முதன்முறையாக 430 பிபிஎம்மைத் தாண்டியது.